மூன்று இடத்தில் வைத்த குரல்

என் அண்ணனுடைய குரல் எரிந்துபோன மத்தியானம், நான் இரண்டு கரண்டி கேசரி கூடுதலாகப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் கேசரி தொட்டதில்லை. விசேஷ வீட்டில் இலையில் வைத்தால் ஒதுக்கிவிடுகிறேன். சர்க்கரையா என்று பக்கத்து இலைக்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம்.

எனக்கு அரக்கோணத்தில் ஆபீஸ் வேலை. வீடு திருத்தணியில், மலைக்குப் போகிற ரோட்டை ஒட்டிய சந்தில். வீட்டில் நான் ஒருத்திதான். அண்ணன் பொதட்டூர்பேட்டையில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பவர்லூம் வைத்து லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள் என்னைவிட வயதில் இளையவள். அவள் என்னை அக்கா என்பாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு யார் பெரியவர் என்று குழப்பமாக இருக்கும். எங்களுக்குள் இந்த மரியாதையெல்லாம் சண்டை வராத வரைக்கும்தான்.

எங்கள் ஆட்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெலுங்கில் ஒரு வீட்டுப் பேர் உண்டு. ஒரே வீட்டுப் பேர்க்காரர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தவர்கள் போன ஊரில் பேரை மாற்றிக்கொண்டுவிடுவார்கள். எங்கள் வம்சத்திலேயே அண்ணன் தம்பி இரண்டு பேர், தறிக்குழியை எந்தப் பக்கம் தோண்டுவது என்று அடித்துக்கொண்டு, தம்பி நகரிக்குப் போய் வேறு வீட்டுப் பேரோடு உட்கார்ந்துவிட்டான். பேரப்பிள்ளைகள் காலத்தில் இதெல்லாம் எவனுக்குத் தெரியும்? என் அண்ணனுக்குத் தெரியும். நகரியோ புத்தூரோ, எங்கே பெண் பார்த்தாலும் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் அண்ணனிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். "அந்தப் பொண்ணு உம் புள்ளைக்குத் தங்கச்சி மொற ஆவுதுய்யா, வேற எடம் பாரு" என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது. சாவு வீட்டில்கூடச் சும்மா உட்காரமாட்டார். செத்தவருக்கு யார் என்ன முறை என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். பேசிப் பேசியே வாழ்ந்த மனுஷன்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் வந்தது. முதலில் பஞ்சுத் தூசி என்றார். தறி ஓட்டுகிறவன் எவன் இருமாமல் இருக்கிறான் என்று எங்களையே மடக்கினார். கரகரப்பு போகாமல், சோறு இறங்காமல் போன பிறகுதான் கிளம்பினார். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் தங்குவார், எடுத்தபிறகு பேச்சு வராது, கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாகத்தான் மூச்சு என்று சொல்லிவிட்டார். அண்ணன்தான் கேட்டார்: "எப்ப எடுப்பீங்க?" ஏதோ பல் பிடுங்குவதற்குத் தேதி கேட்கிற மாதிரி.

திரும்பி வருகிற ரயிலில் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் தலைக்குள் இருக்கிற வம்சம் அவ்வளவையும் ஆபரேஷனுக்கு முன்னால் பேச வைத்துப் பதிவு செய்துவிட வேண்டும். என் போன் ஓட்டை போன். அவருடையது நல்லது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அண்ணன் காதில் போட்டேன். "நான் இன்னா சாமியாரா? எவன் கேப்பான் இதையெல்லாம்?" என்றார். "நான் கேப்பேன். பேசு" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று அவர்கள் என் வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். கூடத்தில் நாற்காலியைப் போட்டு, எதிரில் ஸ்டூலில் போனைச் சாய்த்துவைத்து ஆரம்பித்தோம். ஒரு நாளாவது அமைதியாகப் பதிவு பண்ண முடிந்ததா? கிருத்திகை வந்தால் சந்து முழுக்க அரோகரா. கிருத்திகை இல்லாத நாளில் மைக்செட். அதுவும் இல்லாவிட்டால் மொட்டைமாடியில் குரங்கு தண்ணீர்த் தொட்டி மூடியை உருட்டும். அண்ணன் நிறுத்தவே மாட்டார். கரகரத்த தொண்டையை வைத்துக்கொண்டு, காளஸ்திரி பக்கத்திலிருந்து தறிச் சாமானை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தவர்களில் தொடங்கி, ஒவ்வொரு வீட்டுப் பேராக, யார் யாருக்குப் பங்காளி, எந்த வீட்டோடு பேச்சு நின்றது, எதனால் நின்றது என்று சொல்லிக்கொண்டே போனார். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"மெதுவா பேசுண்ணா, தொண்ட வலிக்கும்."

"எடுத்துப் போடப் போற தொண்ட. வலிச்சா இன்னா, வலிக்காட்டி இன்னா. நீ போன நேரா புடி."

ஒருநாள் நடுவில் அண்ணி காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, பதிவு ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, "ஏமே, இது காபியா பாயசமா? உங்கப்பன் வூட்ல சர்க்கர ஆலையா வெச்சிருக்கான்?" என்று கத்தினார். அண்ணியும் விடவில்லை. "எங்கப்பன் வூட்டுச் சர்க்கரைய நக்கிகினு வந்தவருதானே" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று இருந்தேன். வம்சாவளிக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்?

நல்லவேளை வெட்டவில்லை என்று ஆபரேஷனுக்குப் பிறகு நினைத்தேன். அண்ணன் உயிரோடு வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. எதைச் சொல்ல வேண்டுமானாலும் குழந்தைகள் எழுதுகிற மாதிரி ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அதை நான் அதற்கு முன்னால் பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. புருஷன் எழுதுகிறான், பெண்டாட்டிக்குப் படிக்கத் தெரியவில்லை. அவர் கையை ஆட்டுவார், இவள் "இன்னா, தண்ணியா? மாத்திரையா?" என்று கேட்டுக்கொண்டே போவாள். கடைசியில் அவர் கோபத்தில் சிலேட்டைக் குப்புறப் போட்டுவிட்டுத் தறி ஷெட்டுக்குப் போய்விடுவார். முப்பது வருஷத்துக்கு மேல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வீடு.

அண்ணி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிடுவாள். "அக்கா, அந்த எடத்தப் போடு" என்பாள். எந்த இடம் என்று நான் கேட்கவேண்டியதில்லை. லேப்டாப்பைத் திறந்து அந்தக் காபி இடத்தைப் போடுவேன். தன்னைத் திட்டுவதை ஆசையாகக் கேட்பாள். திரும்பப் போடச் சொல்வாள். பிறகு வம்சாவளியையும் கேட்பாள், அதில் பாதி அவளுக்குப் பிடிபடாவிட்டாலும். "இன்னா வேணா பேசட்டும், அவரு பேசிகினு இருக்கட்டும்" என்பாள். நான் குடும்ப வரலாறு என்று சேர்த்தது அவளுக்குப் புருஷனாக ஆகிவிட்டது. அதனால்தான் அதைக் காப்பாற்றுவதில் எனக்கு அப்படி ஒரு வெறி வந்தது.

எங்கள் ஆபீசில் ஒருமுறை ஒரு கம்ப்யூட்டர் திடீரென்று படுத்து, வருஷக்கணக்கான வேலை போய், எல்லாரும் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தவள். சூடு கண்ட பூனை. ஆகவே ஒன்றுக்கு மூன்றாகப் பிரதி எடுத்தேன். லேப்டாப்பில் ஒன்று, திருத்தணியில் என் வீட்டில். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பொதட்டூர்பேட்டையில் அண்ணன் பீரோவில். பென் டிரைவில் ஒன்று, அரக்கோணத்தில் என் ஆபீஸ் டிராயரில் பூட்டி. ஒரு ஊரில் வெள்ளம் வந்தாலும், ஒரு ஊரில் திருடன் வந்தாலும், இன்னொரு ஊரில் இருக்கும் என்று கணக்கு. ஆபீசில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். "உங்க வூட்டுப் போட்டோவெல்லாம் ஒரே போன்ல வெச்சிருக்கீங்களே, புத்தியிருக்கா?" என்று கேட்பேன். என் வாய் சும்மா இருக்காது.

பென் டிரைவ் முதல் வருஷமே ஒருமுறை கெட்டுப்போனது. சொருகினால் காலியாகக் காட்டியது. நான் அலட்டிக்கொள்ளாமல் இன்னொன்று வாங்கி, டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏற்றிவிட்டேன். அண்ணிக்குத்தான் தூக்கம் போயிற்று.

"ஆயுத பூசைக்கு அத வெச்சியாக்கா?"

"அது ஆபீஸ்ல இருந்துச்சு."

"அதான். பூசையில வெக்காத சாமான் வருசம் முழுக்க மக்கர் பண்ணும். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் பிறந்த யாருக்கும் தெரியும். தறி, மோட்டார், குறுக்கு நூல் ஓட்டுகிற நாடா, கத்தரிக்கோல், ஸ்பேனர், சைக்கிள், தையல் மெஷின் என்று சோறு போடுகிற எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமிக்கு முன்னால் நிறுத்துவோம். விட்டுப்போனது கோபித்துக்கொள்ளும். ஒரு வருஷம் பாபின் சுற்றுகிற மெஷின் ஒன்றை மறந்துவிட்டு, அது அடுத்த மாதமே பெல்ட் அறுந்து, நைனா எங்களையெல்லாம் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொடவும் கூடாது. தொட்டால் பூஜை செல்லாது.

"அவரு தொண்டையிலேர்ந்து வந்தது அம்புட்டும் ஒண்ணா சாமி முன்னாடி இருக்கணும், அக்கா. ஒரு நாள்தானே. மறுநா நீ எங்க வேணா கொண்டும்போய் வெய்யி" என்றாள் அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு முன்னால். அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை என்று எழுதினால் அது பொய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றையும் மூன்று ஊரில் வைக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியவள், ஆபீஸ் டிராயரிலிருந்து பென் டிரைவை எடுத்துக்கொண்டு, லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருத்தணியில் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். உட்கார இடம்கூடக் கிடைத்தது.

அன்றைக்குத் தறி ஷெட் சுத்தமாக இருந்தது. முதல்நாளே ஒட்டடை அடித்து, தறிகளைத் துடைத்து, பெருக்கிய பஞ்சுத் தூசியைச் சாக்குகளில் அள்ளி மூலையில் வைத்திருந்தார்கள். பூஜை நாளில் குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள். நூல் கோன் பெட்டிகள் சுவரோரம். நடுவில் பலகை போட்டு, சிவப்புத் துணி விரித்து, சாமான்களை அடுக்கினோம். அண்ணி லேப்டாப்புக்கு மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். டிஸ்க்குக்கு மல்லிகைப் பூவைச் சுற்றினாள். பென் டிரைவ் அவ்வளவு சின்னதாக இருந்ததால் வெற்றிலைமேல் வைத்தாள். பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம். சாம்பிராணிப் புகை போட்டோம். முந்தைய காலமெல்லாம் கற்பூரம் காட்டும்போது அண்ணன் போடுகிற கோவிந்தா நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு மணியை மட்டும் ஆட்டினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். விளக்கு தானாகக் குளிரட்டும் என்று விட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

சாப்பாடு பலம். நானும் அண்ணியும் கூடத்தில் படுத்துவிட்டோம். ஊர் முழுக்க அன்றைக்குத் தறி ஓடாது. அந்தச் சத்தம் இல்லாத ஊரில் தூக்கம் கண்ணைச் சொக்கும். தெருவில் ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் சாம்பிராணிப் புகை வந்துகொண்டிருந்தது. புகையைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

முதலில் பார்த்தவர் அண்ணன். அவரால் கத்த முடியாது. ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நான் தூக்கக் கலக்கத்தில் "இன்னாண்ணா, கொஞ்சம் படுக்க விடேன்" என்று திரும்பிப் படுத்தேன். அவர் என்னைத் தரையோடு இழுத்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தபோது ஷட்டர் இடுக்கில் புகை கறுப்பாக வந்துகொண்டிருந்தது. விளக்கா, தூபக்கால் தணலா, யாருக்கும் தெரியாது. பஞ்சுக்குப் பிடிக்க ஒரு பொறி போதும். அக்கம்பக்கத்தார் குடத்தோடு ஓடிவந்தார்கள். ஷட்டரைத் தூக்கினவுடன் காற்று பட்டு உள்ளே கூரை வரைக்கும் எரிந்தது. அண்ணி உள்ளே போகப் பார்த்தாள். நான் அவள் கூந்தலைப் பிடித்து நிறுத்தினேன். வலித்திருக்கும். "வுடு, அவரு உள்ள இருக்காரு, வுடு" என்றாள். அண்ணன் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்த பிறகு கிடைத்தது இரும்புச் சட்டங்கள்தான். தறியில் ஏற்றியிருந்த பாவு நூல், கோன்கள், கூரை எதுவும் இல்லை. வீட்டுப் பின்சுவரும் விரிந்துவிட்டது. லேப்டாப் உருகி, பலகையோடு ஒட்டியிருந்தது. டிஸ்க்கை நான் சாம்பலிலிருந்து கிளறி எடுத்தேன். பென் டிரைவ் எங்கே என்றே தெரியவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: உயிருக்கு ஒண்ணும் ஆகலையே, அதுக்கே சாமிக்கு நன்றி சொல்லணும். எனக்கு அவர்களை அறையலாம் போலிருந்தது. அண்ணி மட்டும் எல்லாரிடமும் ஆங், ஆங் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

டிஸ்க்கைச் சென்னையில் இதற்கென்று இருக்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "இது உள்ளயே வளைஞ்சிருக்கும்மா" என்றார். அவர் மேலே பேசுவதற்குள் நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு தேட ஆரம்பித்தோம். அண்ணன் குரல் வேறு எங்கேயாவது இருக்காதா? அவர் போனில் நேராகப் பேசுகிற ஆள், பேசி அனுப்புகிற பழக்கமே இல்லை. கல்யாண சிடிக்கள் சொந்தக்காரர் வீடுகளில் இருந்தன. வாங்கிவந்து போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு கல்யாணத்திலும் அண்ணன் நடுநாயகமாக உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். மேலே சினிமாப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறான் வீடியோக்காரன். எல்லா சிடியிலும் பாட்டு. நான் டைப் அடித்து உறவுக்காரர்களுக்கு மெயிலில் அனுப்பியிருந்த பெயர்ப் பட்டியல் மட்டும் பத்திரமாக இருந்தது. யார் யாருக்குப் பிள்ளை என்று கிளை கிளையாக. யார் ஏன் பிரிந்தார்கள் என்பதையெல்லாம் அண்ணன் வாயால் சொன்னதோடு சரி, அதை எழுத எனக்கு ஓய்வு பெற்றபிறகு நேரம் கிடைக்கும் என்று இருந்தேன். "அதான் பேரெல்லாம் இருக்கே, போதாதா" என்றார் ஒரு பெரியப்பா மகன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அண்ணன் போனில்தானே பதிவு செய்தோம். அந்தப் போன் தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் நெட்டில் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு அண்ணன் பேரில் இருந்தது. பாஸ்வேர்டு நான் போட்டதுதான். லேப்டாப் அதை ஞாபகம் வைத்திருந்தது, நான் வைத்திருக்கவில்லை. பரவாயில்லை, பாஸ்வேர்டு மறந்தால் நம்பருக்கு ஓடிபி அனுப்பும். அண்ணனும் அண்ணியும் வீடு சரியாகும் வரை என் வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஆபீசில் இரவல் வாங்கிவந்த கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தேன். கணக்கு உயிரோடு இருந்தது. பேர் காட்டியது. உங்கள் நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது.

"எங்கண்ணா உன் சிம்மு?"

அண்ணன் சிலேட்டில் எழுதினார். ஆபரேஷனுக்குப் பிறகு போனில் இருந்ததையெல்லாம் அழித்து, அதைக் கடையில் கொடுத்துவிட்டு, அண்ணிக்குச் சின்னதாக ஒன்று மாற்றியாகிவிட்டது. பேச முடியாதவனுக்கு ரீசார்ஜ் எதுக்கு என்று நம்பரையும் அப்படியே விட்டுவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நம்பருக்கு என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். மணி போயிற்று.

"ஹலோ, யாருங்க?"

ஒரு ஆண் குரல். பின்னால் லாரி ஹாரன். அந்த நம்பரில் எத்தனையோ வருஷமாக "சொல்லும்மா" என்று அண்ணன் எடுப்பார். அது எங்கள் அண்ணன் நம்பர் என்று ஆரம்பித்தேன். அந்த ‘யாருங்க’வுக்குக் கோவைப் பக்கமோ என்னவோ என்று நினைத்தேன், மேலே பேசினால் எங்கள் பக்கத்து ஆள்தான். நம்பர் கொஞ்ச நாள் முன்னால் வாங்கியதாம். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். ஓடிபி என்ற வார்த்தை வந்ததும் குரல் மாறியது.

"ஓடிபி கேட்டா குடுக்காதன்னு பேங்க்காரன் தெனம் சொல்லிகினு இருக்கான். என் மச்சான் இப்டித்தான் ஒரு பொம்பள கொரல நம்பிப் போனான். வையிம்மா போன."

மறுநாளும் அடித்தேன். அதற்கு மறுநாளும். ஆபரேஷன், தீ, குரல் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். நான் அப்படி யாரிடமும் கெஞ்சியவள் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் காதுக்கே அது ஏமாற்றுக்காரி கதை மாதிரிதான் கேட்டது. கடைசியில் அந்த ஆளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"சரிம்மா. நம்பரு உங்க அண்ணன்துன்னு சொல்ற. அவரு உயிரோடத்தானே இருக்காரு? அவரயே பேசச் சொல்லு. அவரு வாயால கேக்கட்டும், தரேன்."

"அவருக்குப் பேச்சு வராதுங்க. அதத்தானே சொல்லிகினு இருக்கேன்."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன மெஷின். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பழக்குகிற மெஷின் அது. கழுத்தில் அழுத்தி வாயசைத்தால் சத்தம் வரும். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு முன்னால் பேசிக் காட்டியதோடு சரி. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைத் தொட்டதில்லை. அது நானில்ல என்று எனக்கு எழுதிக் காட்டுவார். அண்ணி ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டுக்கூடக் கேட்டிருக்கிறாள். பையோடு பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார்.

அண்ணன் போனுக்கு நேராகக் குனிந்து, மெஷினைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

"நான் தான் பேசுறேன். என் நம்பர் தான் அது. குடுங்க."

டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் அது கூடம் முழுக்கக் கேட்டது. மறுமுனையில் ஹாரன் சத்தம் மட்டும். அண்ணன் இன்னொரு தடவை சொன்னார். "தயவு செஞ்சு குடுங்க."

"ஏய், கம்ப்யூட்டர வெச்சுப் பேசுறீங்களா?" என்றார் அந்த ஆள். "இன்னாமா தயாரா இருக்கீங்கப்பா. உங்கண்ணன் கொரலு எனக்குத் தெரியாதும்மா. ஆனா மனுசன் கொரலு தெரியும்." வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தேன். போகவில்லை. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி அடித்தேன். என் குரலைக் கேட்டதும் அதையும் துண்டித்து, அந்த நம்பரையும் தடுத்துவிட்டார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அந்த ஆளைத் திட்டினேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். நியாயமாகப் பார்த்தால் அந்த ஆள் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எத்தினி தடவ கேட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்த பேசலையே" என்றாள். "எவனோ ஒருத்தன்கிட்ட பேசிட்டாரு."

அண்ணன் மெஷினைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். அதற்குப் பிறகு அவர் அதை எடுக்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.